கோவிந்தராஜ் எழுப்பிய சுவர்

தீவின் பாம்பூஃப்ளாட் கரையில் புதுப் படகு நிலையம் கட்டும் காண்ட்ராக்ட் கிடைத்ததும் கோவிந்தராஜுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி மரகதம் தினமும் அங்கிருந்துதான் எதிர்க்கரையிலுள்ள சாத்தாமுக்குப் படகேறி ஆபீஸ் போகிறாள். பழைய தகரக் கொட்டகையில் சாரலில் நனைந்து, ஈரப் புடவையோடு நாளெல்லாம் ஃபைல் பார்க்கிறவள். இனி அவள்மேல் ஒரு சொட்டு விழக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் மனுஷன் அஸ்திவாரமே தோண்டினார்.

வரைபடத்தில் கடல் பக்கம் வெறும் கம்பித் தடுப்புதான் இருந்தது. மழை அங்கிருந்துதான் அடிக்கும், முழுச் சுவராகவே எழுப்பிவிடலாம் என்று இன்ஜினியர் கணபதியை நச்சரித்து ஒப்புதல் வாங்கியவர் இவர்தான்.

சுவர் பாதி எழும்பியபோது மரகதம் வந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றவள், "நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டாள். ஸ்கூட்டர் நிறுத்த இடம் கேட்கிறாளாக்கும் என்று பார்க்கிங் பக்கம் பெருமையாகக் கை காட்டினார். அவள் சுவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

இந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்ட் கப்பலுக்கு ஆளை வழியனுப்பப் போனால், கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை யாரும் வீடு திரும்பமாட்டார்கள். அந்தப் பழக்கம் இந்தச் சின்னப் படகுக்கும் தொற்றிவிட்டது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, சாயங்காலமே திரும்பிவிடப்போகிறாள். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து கோவிந்தராஜ் கரையில் நிற்பார். படகு கிளம்பியதும் மரகதம் சாப்பாட்டுப் பையைத் தூக்கி ஆட்டுவாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு வேலையே ஓடும். இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அந்தப் பை ஆடத் தவறியதில்லை.

நிலையம் திறந்த அன்று நல்ல மழை. மரகதம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஹாரன் கேட்டதும் கோவிந்தராஜ் வழக்கம்போல் நிமிர்ந்து பார்த்தார். எதிரே, தானே கூட நின்று பெயிண்ட் அடிக்கவைத்த வெள்ளைச் சுவர். வழியனுப்ப வந்த கூட்டமும் குடையைப் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இதை எந்தப் புத்திசாலி கட்டினான் என்று ஒருவர் இந்தியில் திட்ட, கோவிந்தராஜும் "சஹி பாத் பாய்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிவைத்தார். படகுச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அவர் அங்கேயே நனைந்துகொண்டு நின்றார். பாவம், ஆசையாகக் கட்டியதுதான்.

அங்கிருந்து நேராகக் கணபதியிடம் போனார். சுவர் வேண்டும் என்று உயிரை வாங்கியவரே இப்போது அதே சுவரில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்று நின்றார். கணபதி சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

சாயங்காலம் மரகதம் வந்து இறங்கினாள். இன்றைக்குப் புடவை நனையவே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. ஜன்னல் விஷயத்தை ஒப்பித்து முடித்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தபடி சொன்னார்:

"காலையில பையை ஆட்டியிருக்க மாட்டே."

"ஆட்டுனேனே. பக்கத்துல இருந்தவ, பாகலாயிட்டியா, பைத்தியமான்னு கேட்டா."

"சுவரைப் பாத்தா ஆட்டுன?"

"அதுக்குப் பின்னாடி நீங்க நிக்கிறது எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு மரகதம் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.