முன்கண்ணாடியோடு நின்றிருக்கலாம்

சும்மா இருக்கச் சொல்லிவிட்டுத்தான் சுமியே ஊருக்குப் போனாள். பள்ளித் தோழிகளோடு ஒரு ராத்திரி தங்கி, வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வருவதாக ஏற்பாடு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கணவர் மசனோரியிடம் சொன்னாள்.

"காலையில மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போடுங்க. வேற எதையும் தொட வேண்டாம்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போயிருப்பேன்."

மசனோரி பேரிங் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவராக இருந்து, இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றவர். வந்த வேகத்தில் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தினார். அதற்குப் பிறகு மிசோ விழுது டப்பா எங்கே இருக்கிறது என்று ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலிதான் மிச்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் மெதாக்கா என்னும் குட்டி வளர்ப்பு மீன்களுக்கான சந்தை. சுமியே தான் வளர்த்த குஞ்சுகளை விற்க அங்கே மேசை போடுகிறாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்க அவருக்கு ஆசை. வெறுங்கையோடு கேட்கத் தைரியம் இல்லை. ஏதாவது உருப்படியாகச் செய்துகாட்டிவிட்டுக் கேட்கலாம் என்று காத்திருந்தார்.

மீன் தொட்டியைப் பார்த்தார். முன்கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. மற்ற மூன்று பக்கமும் பச்சைப் பாசி. பாவம், முதுகுவலியில் பாதியில் விட்டுவிட்டாள் என்று மனைவிக்காக இரக்கப்பட்டார். இரக்கம் வந்துவிட்டால் அவருக்குக் கை நிற்காது.

பர்ஸில் மூடிப்போன மதுக்கடை ஒன்று வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் அட்டை இருந்தது. அதைக் கொண்டு வழித்ததில் மெல்லிய பாசி ஆடையாகச் சுருண்டு வந்தது. ஆனால் உருண்டை உருண்டையான பச்சைப் புள்ளிகள் அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளை ஸ்பாஞ்சால் தேய்த்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். கடைக்குப் போனார். வளர்ப்பு மீன் பகுதியில் நின்ற விற்பனைப் பெண் கேட்டாள்.

"தொட்டியில சின்னக் குஞ்சு ஏதும் இருக்குங்களா?"

"இருந்தா எனக்குத் தெரியாமலா? என் வாழ்நாள் முழுக்கப் பரிசோதனைப் பிரிவும்மா."

அவள் நீளமான கைப்பிடி வைத்த சவரத் தகட்டை எடுத்து நீட்டினாள்.

தகட்டைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினார். கலங்கிய தண்ணீரைக் குழாய் வைத்து வாளியில் இறக்கிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றினார். வாளியை மட்டும் கொட்டவில்லை. தொழிற்சாலையில் கழித்த சரக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி சிவப்புப் பெட்டியில் வைப்பார்கள். எவ்வளவு அழுக்கு எடுத்தோம் என்று காட்டாவிட்டால் அது என்ன வேலை? வாளியை வாசலருகே, மனைவி கண்ணில் படுகிற மாதிரி வைத்தார்.

மறுநாள் மாலை வந்த சுமியே வாளியைக் கவனிக்கவே இல்லை. தொட்டியின் முன் நின்றவள், தோள்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாசி எங்க?"

"எடுத்துட்டேன். ஒரு புள்ளி விடல."

"அத நானாத்தாங்க விட்டு வச்சேன். போன வாரம் பொரிஞ்ச குஞ்சுங்க அதத்தான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. தண்ணிய எங்க கொட்டினீங்க?"

அவள் குரல் உடைந்துபோயிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்குக்கூட இவ்வளவு அவமானம் நேர்ந்திருக்காது.

"கொட்டல," என்றார் மசனோரி. "உன்கிட்டக் காட்டிப் பெருமையடிக்கலாம்னு வச்சிருக்கேன்."

சுமியே வாளியிடம் ஓடிக் குனிந்தாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலீங்க. எல்லாம் போச்சு."

மசனோரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். பச்சைக் கலங்கலில் ஓர் இமைமயிர் அசைந்தது. அதற்கு இரண்டு கண்கள் இருந்தன.

"இந்தா ஒண்ணு. உன் கட்டைவிரலுக்குக் கிட்ட."

நேற்றும் இதே கண்ணால்தான் இதே தண்ணீரைப் பார்த்தார். குறை தேடுகிற கண்ணுக்கு உயிர் தட்டுப்படவில்லை. தலைவராம், தலைவர் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவர் இடம் காட்டக் காட்ட, அவள் கரண்டியால் மொண்டு சோற்றுக் கிண்ணத்தில் விட்டாள்.

"இடது பக்கம். இன்னும் இடது. அட, அது வலது."

"அதட்டாதீங்க. இது உங்க தொழிற்சாலை இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "நான் வீட்டுல இருக்கிறது உனக்கு இடைஞ்சல்தானே?"

"இடைஞ்சல்தான். மூணு வேளையும்." சுமியே கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வருஷத்துலேருந்து குஞ்சுங்க எனக்குக் கண்ணுக்கே தெரியறதில்ல. குத்துமதிப்பாத்தான் தீனி போடறேன். யார்கிட்டயும் சொல்லல. ஞாயித்துக்கிழமை அதுங்கள எண்ணிக் கவர்ல போடணும். நீங்களும் வாங்க."

மசனோரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கைய ஆட்டாத," என்றார். "கரண்டிக்குக் கீழயே ஒண்ணு இருக்கு."