பேக் கம்ப்ரஷன்

எதிர்ப்பட்டறையின் வாசலில் ரவிச்சந்திரனின் வெள்ளைக் கார் பானெட்டைத் திறந்து நின்றதைக் கண்டதிலிருந்து கஜபதிக்கு வாயில் வைத்த தேநீர்கூடக் கசந்தது. அயனம்பாக்கம் ஏரிக்குப் போகும் சாலையில் அவர் மெக்கானிக் பட்டறை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பதினோர் ஆண்டுகள் அந்தக் காரில் அவர் கையைத் தவிர வேறொருவர் கை பட்டதில்லை. பூந்தமல்லியிலிருந்து வந்த மஸூத் எதிரே கடை திறந்து இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

சென்ற வாரம் ரவிச்சந்திரன் காரில் ஆயில் குறைகிறது என்று முதலில் கஜபதியிடம்தான் வந்தார். கஜபதி இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேலேயே கவிழ்த்து வைத்தார். கொதிக்கும் சோற்றுப் பானையின் தட்டைப் போல மூடி துள்ளிக் கீழே விழுந்தது.

"பேக் கம்ப்ரஷன் சார். உள்ள தேஞ்சிபோய் பொகை திருப்பி அடிக்குது. இன்ஜின எறக்கி, சிலிண்டர கடைஞ்சி போர் வேலை பாக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிய ரவிச்சந்திரன் சாலையைக் கடந்து மஸூத்திடம் கேட்டுவிட்டார்.

மஸூத் இன்ஜினை இறக்கவே இல்லை. உள்ளே சேரும் புகையை வெளியே விடும் மூச்சுக்குழாயைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தான். கரிய கசடு களியாக அடைத்திருந்தது. புதுக்குழாய் போட்டான், புகையோடு வரும் எண்ணெய்த் துளிகளைப் பிடித்துவைக்க நடுவில் ஓர் அலுமினிய டப்பாவையும் பொருத்தினான். அந்த டப்பாவுக்காகவே ஆவடியிலிருந்தும் மாங்காட்டிலிருந்தும் இளைஞர்கள் வந்து அவனிடம் காத்துக் கிடந்தார்கள்.

டப்பா பளபளப்பதுகூடக் கஜபதிக்குப் பொறுக்கவில்லை. குழாயைப் பார்க்கத் தமக்குத் தோன்றாமற்போனது ஒரு வேதனை. அது அவனுக்குத் தோன்றியது நூறு வேதனை.

வெள்ளிக்கிழமை நண்பகல். மஸூத் கை கழுவிக்கொண்டு வந்து குரல் கொடுத்தான்.

"அண்ணாத்தே, தொழுதுட்டு வந்துடுறேன். கடைய கொஞ்சம் பாத்துக்கினு இரு."

"போ, போ. உன் கடைய இன்னா காக்காயா தூக்கிக்கினு போவுது?"

"காக்கா தூக்காது. நீ தூக்காம இருந்தா சரி" என்று சிரித்தபடியே அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

அவன் தலை மறைந்ததும் கஜபதி சாலையைக் கடந்தார். குறை காண்பதற்கென்றே போனார். ரவிச்சந்திரன் காரில் புதுக்குழாயைப் பிடித்திருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. குழாய் எங்கும் மடங்கவில்லை, சூடான இரும்பில் எங்கும் உரசவில்லை. ஒரு குற்றமாவது கிடைத்திருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். வேலை அப்பழுக்கின்றி இருந்ததுதான் அவரைக் கெடுத்தது. தோளில் கிடந்த கந்தலில் ஒரு துண்டைக் கிழித்தார். குழாயின் ஒரு முனையைக் கழற்றி உள்ளே திணித்தார். முன்பிருந்தபடியே மாட்டிவிட்டுத் திரும்பினார்.

மாலை நான்கு மணிக்கு ரவிச்சந்திரன் வந்தார். வண்டியை ஒப்படைக்குமுன் மஸூத் இன்ஜினை ஓடவிட்டு, மூடியைக் கவிழ்த்து வைத்தான். மூடி துள்ளி விழுந்தது.

"அப்ப கஜபதி அண்ணன் சொன்னதுதான் சரியா?" என்றார் ரவிச்சந்திரன்.

இத்தனை இனிய வாக்கியத்தைக் கஜபதி தம் வாழ்நாளில் கேட்டதில்லை. கால்கள் தாமாகவே சாலையைக் கடந்தன.

"நான் அன்னிக்கே சொன்னேன் சார். டப்பா மாட்னா தேஞ்சது வளந்துடுமா?"

மஸூத் இன்ஜினை நிறுத்தினான். கிளிப்பைத் தளர்த்திக் குழாயை உருவி, விரலை விட்டு இழுத்தான். எண்ணெயில் ஊறி வெளியே வந்தது பச்சைச் சுங்குடித் துணி. கஜபதியின் மனைவி லோகநாயகியின் பழைய சேலை. அந்தச் சாலையிலுள்ள பட்டறைகளெல்லாம் மூட்டையாக வரும் பனியன் கழிவில் கை துடைக்க, கஜபதி மட்டும் மனைவியின் சேலைக் கிழிசலில்தான் துடைப்பார் என்பது தேநீர்க் கடைக்காரர்வரை எல்லாருக்கும் தெரியும். மீதித் துணி அப்போதும் அவர் தோளில்தான் கிடந்தது.

மஸூத் அந்தத் தோளைப் பார்த்தான். பிறகு துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டான்.

"என் தப்பு சார். தூசி போவக் கூடாதுன்னு வாய்ல துணி வெச்சேன், எடுக்க மறந்துட்டேன்."

குழாயை மாட்டி மீண்டும் ஓடவிட்டான். மூடி சற்று நடுங்கியதே தவிர, இடம் பெயரவில்லை.

ரவிச்சந்திரன் சிரித்தார். "தப்புன்னு ஒத்துக்கிற மெக்கானிக்க இப்பத்தான்பா பாக்குறேன். இனிமே சர்வீஸும் ஒங்கிட்டயே விட்டுடுறேன்."

கார் போய்விட்டது. கஜபதி தம் கடைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தார். செய்த குற்றம்கூடத் தமக்கு மிஞ்சவில்லை. அதையும் அவனே எடுத்துக்கொண்டு, அதற்கும் பாராட்டு வாங்கிவிட்டான்.

மஸூத் அவர் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணி சேலை நல்லா எண்ணெய் குடிக்குது அண்ணாத்தே. எனக்கும் ஒரு முழம் குடு. ஆனா கையில குடு."

கஜபதி தோளிலிருந்த மீதியை எடுத்து நீட்டினார். அவன் அதை உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அது அவன் தோளுக்குப் பொருந்தியிருந்ததைப் பார்த்துக்கூட அவருக்கு வயிறு எரிந்தது.