இரண்டு ஜோடிக்கும் ஆகாது

பூங்கோதைக்கு விடிந்தால் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. இன்றைக்குப் பார்த்தா லேபில் எடுத்த அளவீடு இப்படிக் காலை வாரிவிட வேண்டும்?

கண்ணுக்கே தெரியாத குறைக்கடத்திப் படிகத்தில் லேசர் பட்டால், ஒரு எலெக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும் ஜோடி சேரும். எக்சிடான் என்று பெயர். லேசரைக் கூட்டினால் அதே படிகத்துக்குள் இரண்டு ஜோடி, ஒண்டுக்குடித்தனம். ஒத்துப்போனால் வெளிவரும் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். ஆகாவிட்டால் நீலப் பக்கம். தன் படிகங்களில் இரண்டுக்கும் ஆகவே ஆகாது என்று நான்கு வருஷம் அளந்து தீசிஸ் எழுதியிருந்தாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று ஜனக்புரியிலிருந்து காலையிலேயே மெட்ரோ பிடித்து வந்தாள். திரையில் ஒளியின் கோடு சிவப்புப் பக்கம் போய் நின்றது.

கைடு அனந்தகிருஷ்ணன் திரையையே பார்த்தார். "இப்ப எது சரி, பூங்கோதை? இதுவா, தீசிஸ்ல இருக்கறதா?"

"தெரியல சார்." அவர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

லேப் டெக்னீஷியன் அழகர்சாமி எட்டிப் பார்த்தார். மதுரைக்காரர், தில்லிக்கு வந்து இருபது வருஷம். "ஏம்மா, காலைல பிஜ்லி போச்சே, கரன்ட் இல்லாதப்பவுமா ஓட்டுனீங்க?"

"லேசர் யூ.பி.எஸ்.ல இருக்கேண்ணே. அது பாட்டுக்கு ஓடுச்சு."

"லேசர் ஓடும். கலக்குற மெஷினு? யூ.பி.எஸ். தாங்கலைன்னு நேத்து சாயங்காலம்தான் அதைச் சுவத்துப் பிளக்குக்கு மாத்துனேன். கரன்ட் வந்தாலும் பட்டனை அமுக்குனாத்தான் சுத்தும்."

பூங்கோதை குனிந்தாள். கண்ணாடிக் குப்பியின் அடியில், படிகங்கள் மிதக்கும் கரைசலைக் கலக்க வேண்டிய காந்தத் துண்டு அசையாமல் கிடந்தது. கலக்காததால் லேசர் அதே படிகங்களையே மணிக்கணக்கில் அடித்து, மின்னேற்றி, கெடுத்திருக்கிறது. கெட்ட படிகம் பொய் நிறம் காட்டும்.

"சொல்லக்கூடாதாண்ணே?"

"சொல்லத்தான் காலைல வந்தேன். மூஞ்சிய உர்ருன்னு வச்சிருந்தீங்க, திரும்பிட்டேன்."

சண்டை போட நேரமில்லை. புதுக் கரைசலை ஊற்றினாள், பட்டனை அமுக்கினாள், காந்தம் சுற்றுவதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் பயம் போகவில்லை. கலக்கினாலும் சிவப்பே வந்தால்?

மத்தியானம் மூன்று மணிக்குத் திரையில் கோடு எழுந்தது. நீலப் பக்கம். தீசிஸில் இருந்த அதே எண்.

அவள் தரையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். அழகர்சாமி பதறி ஓடி வந்தார். "என்னம்மா, மறுபடியும் தப்பா வந்துருச்சா?"

"இல்லண்ணே," என்றாள். "சரியா வந்துருச்சு."