மருந்துத் துண்டில் ஒரு சரி

தக்சாயினி எழுதிக்கொடுத்த மருந்துத் துண்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, அதன் மூலையில் பச்சை மையால் ஒரு சரி போட்டிருந்தது.

“இது ஆர் போட்டது?”

“டொக்டர் ஐயாதான்” என்றாள் குணலட்சுமி, வெகு சாதாரணமாக. “அவரிட்டைக் காட்டாமல் நான் ஒரு குளிசையும் போடுறேல்லை, பிள்ளை.”

டொக்டர் ஐயா என்றால் தியாகலிங்கம். சண்டிலிப்பாயில் இதே கிளினிக்கில், இதே கதிரையில் இருபத்தாறு வருடம் இருந்தவர். தேர்தலில் வென்று எம்.பி. ஆனதும் கிளினிக்கைத் தக்சாயினியிடம் ஒப்படைத்தார். சனத்தை ஒப்படைக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவருடைய அலுவலகத்தில் வீதிக்கும் காணிக்கும் மனுக் கொண்டு நிற்பவர்களோடு, அவளுடைய துண்டுகளைக் கொண்டும் சிலர் நின்றார்கள்.

சீனி வருத்தக்காரி குணலட்சுமி அந்தச் சனிக்கிழமை வரும்வரை மருந்தில்லாமல் காத்திருந்திருக்கிறாள். காற்புண் ஓரத்தில் கறுத்திருந்தது. அதைப் பார்த்துத் தக்சாயினிக்கு வந்ததில் கோபம் பாதிதான். மீதி என்னவென்று அவளுக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை துண்டோடு அவளும் போய் வரிசையில் நின்றாள். தியாகலிங்கம் ஒரு முதியவரின் நாடியைப் பிடித்தபடி காணிப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிந்த பிறகும் முதியவர் அவருடைய கையை விடவில்லை. தன் கையை இப்படி ஒருவரும் பிடித்து வைத்ததில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்ததில் ஒரு வரிதான் வெளியே வந்தது.

“சேர், உங்கடை சரிக்குக் காத்திருந்து அந்த மனுசியின்ரை கால் போகப் பாத்தது.”

அவர் துண்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உந்த ரெண்டாவது குளிசை என்னெண்டே எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் கிளினிக்கை விட்டபிறகு வந்த மருந்து. நீர் எழுதினால் பிழை இராதெண்டுதான் சரி போட்டனான்.”

இனிப் போடமாட்டேன், சனத்திடமும் சொல்லிவிடுகிறேன் என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது மனம் கொஞ்சம் லேசாக இருந்தது.

திங்கட்கிழமை குணலட்சுமி வந்து காலை நீட்டினாள்.

“இனி உங்கடை மருந்தை நேரா எடுக்கட்டாம். ஐயா சொல்லிப்போட்டார். அவர் சொன்னால் பிறகென்ன?”

தக்சாயினி கட்டை அவிழ்த்தாள். புண் சிவந்து ஆறத் தொடங்கியிருந்தது. கழுவும்போது குணலட்சுமி மெல்ல முனகினாள். டொக்டர் ஐயா கழுவியிருந்தால் முனகியிருக்கமாட்டாள் என்று தோன்றியது.

கையை இன்னும் மெதுவாக்கினாள்.