பத்தாயிரத்து ஒன்று

மருத்துவமனைச் சுவரில் ஓடு பதிக்கும் வேலையை அக்காவும் தம்பியும் சேர்ந்து எடுத்திருந்தார்கள். ரத்ததானம் செய்த பத்தாயிரம் பேர் ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தித் தந்த சின்னச் சின்ன ஓடுகள். வரிசைக்கு நூறு, மொத்தம் நூறு வரிசை. கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய கணக்கு.

வேலை தொடங்கவிருந்த காலையில் ஒரு தையல்காரர் கைக்குட்டையில் சுற்றி ஒரு ஓட்டைக் கொண்டுவந்தார். அவர் மகளுடையது. சுட்ட ஓட்டை வீட்டில் காட்ட வாங்கிப்போனவள், திருப்பிக் கொடுப்பதற்குள் விபத்தில் போய்விட்டாள். அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவரின் ஓடு வந்துவிட்டது.

“இப்ப இதையும் சேர்க்க முடியுமாம்மா?”

“முடியும் ஐயா,” என்றாள் அக்கா, யோசிக்காமல்.

அவர் போன பிறகுதான் நிபந்தனை நினைவுக்கு வந்தது. ஒரு ஓடும் துருத்தக்கூடாது, ஓரிடமும் காலியாக இருக்கக்கூடாது, வெற்று ஓடு வைத்து நிரப்பக்கூடாது என்று தலைமை மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. ஓடுகளைச் சுற்றி இரும்புச் சட்டம் அடிக்கும் வெல்டர். “மதியம் கம்பிய வெட்டப் போறேன். அளவு அதேதானே?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே.”

வரிசைகள் சமமாக வருமா என்று பத்தாயிரத்து ஒன்றைப் போனிலேயே வகுத்துப் பார்த்தாள். மூன்றால் போகவில்லை. ஏழால் வகுத்தால் ஐந்து மிச்சம். பதினொன்றால் இரண்டு மிச்சம்.

“ஒன்பதால பாரேன்,” என்றான் தம்பி.

“மூணால போகாதது ஒன்பதால எப்படிடா போகும்? பகா எண்ணுங்கள மட்டும் பார்த்தாப் போதும். அதுவும் நூறு வரைக்கும்தான். ரெண்டு பக்கமும் நூறுக்கு மேல போனா பெருக்குத்தொகை எங்கேயோ போயிடும்.”

“நூறு வரைக்கும் ஒண்ணும் கிடைக்கலேன்னா?”

“இதுவே பகா எண். எந்தச் சதுரத்துலயும் செவ்வகத்துலயும் அடங்காது. பத்தாயிரத்து ஒண்ணையும் ஒரே வரிசையா வீதி முழுக்க ஒட்டிக்கிட்டுப் போகணும்.”

தம்பி அவள் தோளோரம் வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் திரையில் புள்ளி விழுந்தது. அதன் பின்னால் எண்கள் வால்போல நீண்டன. நாற்பதைத் தாண்டினாள். அறுபதைத் தாண்டினாள். அந்த மனிதரிடம் என்னவென்று சொல்வது? எழுபத்தொன்றும் கைவிட்டது. இன்னும் ஐந்தே எண்கள்தான் மிச்சம்.

எழுபத்து மூன்று. விடை நூற்று முப்பத்தேழு. புள்ளி இல்லை.

நம்பிக்கை வராமல் அக்கா இரண்டையும் பெருக்கிப் பார்த்தாள். பத்தாயிரத்து ஒன்று.

“சுவர் பத்துமா?” என்றான் தம்பி.

ஓடி ஓடி அளந்தார்கள். வரிசை எழுபத்து மூன்றானதால் உயரம் குறைந்தது, நீளம் கூடியது. ஜன்னல் வரைக்கும் போய்ச் சரியாக நின்றது. வெல்டருக்குப் புது அளவு போனது. மருத்துவர் வந்து பார்த்து, “இது அகலமா நல்லாத்தான் இருக்கும்,” என்று தலையாட்டினார்.

கடைசி ஓட்டைத் தையல்காரரே வைத்தார். வைத்தவர் கையை எடுக்கவில்லை. பூச்சு இறுகத் தொடங்கியிருந்தது. அசைந்தால் வரிசையே கோணிவிடும். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, பிடிச்சிருச்சு. இனி விழாது,” என்றாள் மெதுவாக.

அவர் ஒவ்வொரு விரலாக எடுத்தார்.