இடக்கை முடிச்சு

நான்கு நாளாக மாலையில் பசு வெறும் மடியோடு திரும்பியது. கன்றோ வீட்டில் கட்டிக் கிடந்தது. விடிந்ததும் தோட்டத்தில் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடவும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவுமே நேரம் போதாத புஷ்பகாந்திக்கு எரிச்சல் மண்டியது. எந்த நாசமாப் போனவன் மறைவில் கறக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை பசுவின் பின்னாலேயே போனாள். மண்சரிவில் புதைந்த பழைய லய வீடுகளின்மேல், தொழுவம் இருந்த இடத்தில், அது அசையாமல் நின்றது. பக்கத்தில் ஆளே இல்லை. மடி மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. பின்னங்கால்களைக் கயிறு பிணைத்திருந்தது. அந்த இடக்கை முடிச்சை அக்காள் செல்வமணி மட்டுமே போடுவாள். அந்தச் சரிவில் போன அவள் உடலைக் கடைசிவரை தோண்டி எடுக்கவேயில்லை.

“அக்கா, எம்புள்ளைக்கும் கொஞ்சம் விட்டு வையேன்,” என்றாள் புஷ்பகாந்தி.

மறுநாள் மாலை நான்கு காம்பில் இரண்டில் பால் இருந்தது.