பரசுராமன் சாப்பிடாத நாட்கள்

பரசுராமனின் வயிற்றில் ஒட்டியிருந்த பை மூன்றாவது நாளாகக் காலியாக இருந்தது. காலை ஷிஃப்டுக்கு வந்த நர்ஸ் அருணாதேவி அதைத் தொட்டுப் பார்த்தாள். காற்றுகூட இல்லை.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"ம்" என்றார், மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தபடி.

"நாலு இட்லி சாப்ட்டாருங்க சிஸ்டர்" என்றாள் அவர் மனைவி சரசு. "நான் வெந்நி வாங்கியாறதுக்குள்ள தட்ட காலி பண்ணிட்டாரு."

பஞ்சு எடுப்பதற்காக அருணாதேவி கட்டிலோரத்து அலமாரியைத் திறந்தாள். புளித்த வாடை அடித்தது. துணிகளுக்குப் பின்னால் ஒரு கவர். அதற்குள் இன்றைய இட்லி, நேற்றைய பொங்கல், அதற்கும் முந்தைய நாளின் காய்ந்துபோன இட்லி.

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னாங்க இது?"

"உள்ள போனாதானே வெளிய வரும்" என்றார் பரசுராமன்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கண்டக்டர். இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடாமல் ஒரு நாளும் வண்டி ஏறியதில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில்கூட ஒருவர் மேலும் இடிக்காமல் பின்படிக்கட்டுவரை போய் டிக்கெட் போட்டுவிட்டு வருவார். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வயிறு திடீரென்று உப்பிக் கல்லாகிவிட்டது. அவசரமாகத் திறந்து பார்த்தபோது பெருங்குடலை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. அதை வெட்டி எடுத்துவிட்டு, குடலின் நுனியை இடப்பக்க வயிற்றில், சரியாக பெல்ட் உட்காரும் இடத்தில், வெளியே வைத்துத் தைத்திருந்தார்கள். மலம் இனி அந்த வழியாகப் பையில் இறங்கும். "எப்ப மூடுவீங்க?" என்று சரசு கேட்டதற்கு, "மொதல்ல கட்டியோட ரிசல்ட் வரட்டும்மா" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

கல்லூரியில் படிக்கும் மகள் ஓவியாவிடம், காய்ச்சல், ஆஸ்பத்திரிப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்லச் சொன்னவர் பரசுராமன்தான்.

அன்று முழுக்க அருணாதேவி எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். சாப்பிடாவிட்டால் புண் ஆறாது, தையல் பிரிந்துவிடும், இதே பையோடு ஆயிரம் பேர் வேலைக்குப் போகிறார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லை.

மறுநாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். புதுப் பை ஒன்றில் பாதிக்குக் கஞ்சி ஊற்றித் தன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, மேலே யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வார்டு முழுக்க இரண்டரை மணி நேரம் வேலை பார்த்தாள். பிறகு அவர் கட்டிலருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, காலைலேர்ந்து நானும் ஒரு பைய ஒட்டிக்கினுதான் நடக்கிறேன். யாருக்காவது தெரிஞ்சுதா சொல்லுங்க."

பரசுராமன் அவள் வயிற்றுப் பக்கம் பார்த்தார்.

"நீ ஷிஃப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்கு கழட்டிடுவம்மா" என்றார்.

அருணாதேவி நேராகப் போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். பையைப் பிய்த்தபோது தோல் எரிந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்று காலையில் தனக்கிருந்த சந்தோஷத்தை நினைக்க அவமானமாக இருந்தது. அந்த நேரம் வெளியே யாரோ வார்டின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்கள்: "பதினாலாம் நம்பர் பேக் கேஸ் டிரஸ்ஸிங் முடிஞ்சுதா?"

வார்டில் எல்லோரும் பரசுராமனை அப்படித்தான் சொன்னார்கள், பை வைத்த கேஸ் என்று. அவளும் அப்படித்தான் கத்தியிருக்கிறாள். முதல் நாள் பை மாற்றியதும் நினைவுக்கு வந்தது. மாஸ்க் மேல் மாஸ்க், திருப்பிய முகம், அவசர அவசரமாக ஓடிய கைகள். அப்போது அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். கீழ்த் தையலில் நீர் கசிந்திருந்தது. "இன்னிக்கு ஒரு நாள் பாப்போம். சாப்பிடலன்னா நாளைக்குக் காலைல மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அருணாதேவி திரையை இழுத்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றி, ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தமுறை சாப்பிடச் சொல்லவில்லை.

"எதுக்குண்ணா இவ்ளோ பயம்?"

அவர் ஃபேனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"போன வருசம் வேங்கிக்கால் தாண்டி ஒரு பெரியவர எறக்கி உட்டேன்மா. கால்ல புண்ணு. வாடை ஜாஸ்தி. பக்கத்துல நின்னவங்க எல்லாம் கத்துனாங்க. நான் விசில் ஊதி, நடு ரோட்ல, வெயில்ல எறக்கி உட்டுட்டேன். டிக்கெட் கையிலயே வெச்சிருந்தாரு. ஒரு வார்த்த பேசலமா. என்னை திட்டியிருந்தாக்கூட பரவால்ல." வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "இப்ப அந்த ஆளு நான்தான். நான் எந்த பஸ்ஸுல ஏறுவேன்? எந்த மூஞ்சிய வெச்சுக்கினு எம்பொண்ணு பக்கத்துல உக்காருவேன்? என்னை எதுக்கு பொழைக்க வெச்சீங்க?"

அப்படியெல்லாம் பேசக்கூடாது என்று சொல்லத்தான் அவளுக்கு நாக்கு பழகியிருந்தது. சொல்லவில்லை.

"அது தப்புதாண்ணா" என்றாள். "நானும் அதேதான் உங்களுக்கு செஞ்சேன். பேரு சொல்லாம பேக் கேஸுன்னு கத்துனேன். மூஞ்சிய திருப்பிக்கினு பை மாத்துனேன். நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

அவர் தலையைத் திருப்பி, "கஞ்சி இருந்தா கொடு. கம்மியா" என்றார்.

சரசு ஓடிப்போய் கொண்டுவந்தாள். எட்டு ஸ்பூன். ஒவ்வொன்றையும் விழுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் மூர்த்தி வந்தார். அதே பஸ்ஸின் டிரைவர். ஆப்பிள் கவரை வைத்துவிட்டு, ரோடு வேலை, டீசல், புது டயர் என்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே பரசுராமனின் போர்வைக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. அடக்க முடியாத, நிறுத்த முடியாத சத்தம். சரசு தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துக் கட்டிலில் நின்ற அருணாதேவிக்கு, எதையாவது கீழே தள்ளிச் சத்தம் போடலாமா என்று தோன்றியது.

"வவுத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க மூர்த்தி" என்றார் பரசுராமன். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "இனிமே அந்த வழியாதான். அதான் சத்தம்."

மூர்த்தி ஜன்னலைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஓனரு உன் எடத்துல தருமன்னு ஒரு ஆள போட்டுட்டாருப்பா. நீ வந்தப்புறம் பேசிக்கலாம்." ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

பரசுராமன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. இருபத்திரண்டு வருட வேலை அது. அருணாதேவி அவர் முதுகில் கையை வைத்தாள். எடுக்காமல் நின்றாள்.

அழுகை அடங்கியபோது பை கனத்திருந்தது. அவள் திரையை இழுத்தாள், தட்டை வைத்தாள். பையின் அடியைப் பிடிக்கப் போனவளின் மணிக்கட்டை அவர் தடுத்தார்.

"நீ செய்ய வேணாம்மா. சொல்லிக் கொடு."

பையின் அடியில் இருந்த கிளிப்பைக் கழற்ற அவருக்கு மூன்று தடவை ஆனது. கட்டைவிரலில் மலம் பட்டுவிட்டது. குமட்டியது, விடவில்லை. துடைத்து முடித்து, பழைய பையை உரித்தபின், வெளியே தைத்திருந்த குடல் நுனியை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். உள் உதடுபோலச் சிவப்பாக, ஈரமாக, சின்னதாக இருந்தது.

"தொட்டா வலிக்குமா?"

"வலிக்காதுண்ணா."

"சரசு" என்று கூப்பிட்டார். "உள்ள வா. இத பாரு."

சரசு திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் பை மாற்றும்போதெல்லாம் அவள் வராந்தாவுக்குப் போய்விடுவாள். இப்போது பார்த்தாள். முந்தானை மூக்குக்குப் போகவில்லை.

"நான் வாடைக்கு பயந்து போகலீங்க" என்றாள் அழுதுகொண்டே. "உங்கள இப்படி பாத்தா நீங்க ஒடஞ்சி போயிடுவீங்களோன்னு போனேன்."

அன்று ரிப்போர்ட் சொல்லும்போது அருணாதேவி, "பரசுராமன், காலைல ஒரு தடவ கஞ்சி, பைய அவரே மாத்துனாரு" என்றாள். யாரது என்று கேட்டாள் அடுத்த ஷிஃப்ட் நர்ஸ். கண்டக்டர் என்றாள் இவள்.

டியூப் போடவில்லை. தையல் ஆற மேலும் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குள் கட்டியின் ரிசல்ட் வந்தது. நல்லபடியாக வரவில்லை. கீமோ முடிகிறவரை குடலை மூடுகிற பேச்சே இல்லை என்றார் டாக்டர். அன்றைக்கும் பரசுராமன் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. மதியம் யாரும் சொல்லாமல் அவரே சரசுவின் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார்.

"காய்ச்சல் இல்லம்மா ஓவியா" என்று ஆரம்பித்தார். நடுவில் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் அவரே சொல்லி முடித்தார். அன்று சாயங்காலமே ஓவியா வந்துவிட்டாள்.